உலோகப் பரப்பில் வினைவகை ஏன் பூஜ்யமாகிறது, ஏன் எதிர்மறையாகிறது?

கேள்வி இது: "இரண்டு அம்மோனியா மூலக்கூறுகள் சிதைந்து ஒரு நைட்ரஜனும் மூன்று ஹைட்ரஜனும் உண்டாகின்றன. சமன்பாட்டைப் பார்த்தால் வினைவகை 2 என்று தோன்றுகிறது. பாடநூலோ சூடான உலோகத்தின் மேல் அது பூஜ்ய வகை என்கிறது. பிளாட்டினத்தின் மேல் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனேற்றம் அடைவதற்கு வகை −1 என்று இன்னொரு நூலில் படித்தேன். வினைபடுபொருளைக் கூட்டினால் வேகம் குறையுமா? அச்சுப்பிழையா?"

அச்சுப்பிழை இல்லை, உண்மையிலேயே குறையும். ஆனால் அதற்குப் போவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். சமன்பாட்டில் முன்னால் நிற்கும் எண்ணுக்கும் வினைவகைக்கும் கட்டாயத் தொடர்பு எதுவும் கிடையாது. சமன்பாடு ஒரு வரவு செலவுக் கணக்கு. எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்பதோடு அதன் வேலை முடிந்தது. வினைவகை சோதனைச்சாலையில் அளந்து பெறும் எண். ஒரு பொருளின் அழுத்தத்தை இரட்டிப்பாக்குங்கள். வேகமும் இரட்டித்தால் வகை 1, நான்கு மடங்கானால் 2, அசையாமல் நின்றால் 0, பாதியாகக் குறைந்தால் −1. இந்த எண் ஏன் அப்படி வருகிறது என்பதற்கு வினையின் வழிமுறையைத்தான் கேட்க வேண்டும். உலோகப் பரப்பில் நடக்கும் வினைகளில் அந்தப் பதில் பெரும்பாலும் ஒரே கேள்வியில் போய் முடியும்: பரப்பில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது?

இதை நன்றாகக் காட்டுவது ஹைட்ரஜன் அயோடைடின் சிதைவு. ஜெர்மானிய வேதியியலாளர் போடன்ஸ்டைன் 1890களில் மூடிய கண்ணாடிக் கலன்களில் இதை அளந்தார். வாயு நிலையில் வகை 2, இரண்டு மூலக்கூறுகள் மோதிக்கொண்டால்தான் வினை. பிறகு 1925ஆம் ஆண்டளவில் ஆக்ஸ்போர்டில் ஹின்ஷெல்வுட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் அதே வாயுவைச் சூடான உலோகக் கம்பிகளின் மேல் சிதைத்துப் பார்த்தார்கள். தங்கக் கம்பியில் வகை 0. பிளாட்டினக் கம்பியில் வகை 1. வினை ஒன்றுதான், சமன்பாடும் ஒன்றுதான், வகை மட்டும் மூன்று. கிளர்வு ஆற்றலும் (வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) மூன்று விதம்: வாயுவில் மோலுக்குச் சுமார் 184 கிலோஜூல், தங்கத்தில் 105, பிளாட்டினத்தில் 59. வகை என்பது அந்த மூலக்கூறின் பிறவிக்குணம் என்று நினைத்திருந்தால் இந்த ஒரு உதாரணமே அந்த எண்ணத்தைக் கைவிடப் போதும்.

பரப்பில் என்ன நடக்கிறது என்பதை முதலில் கணக்காக்கியவர் இர்விங் லாங்மியூர். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வகத்தில் மின்விளக்குகளின் டங்ஸ்டன் இழைகளைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். சூடான இழையைச் சுற்றியுள்ள வாயு என்ன ஆகிறது என்ற நடைமுறைக் கேள்வியிலிருந்துதான் பரப்பு வேதியியலுக்குள் இறங்கினார். 1932இல் நோபல் பரிசும் பெற்றார். அவருடைய அடிப்படைக் கருத்து மிக எளிது. ஒரு சதுர சென்டிமீட்டர் உலோகப் பரப்பில் ஏறக்குறைய 10இன் அடுக்கு 15 அணுக்கள் இருக்கின்றன. எண்ணிக்கை பெரிதுதான், ஆனால் முடிவில்லாதது அன்று. வாயு மூலக்கூறு வந்து ஒட்டுவதற்கு இத்தனை இடங்கள்தான். ஒவ்வோர் இடத்திலும் ஒரு மூலக்கூறுதான். ஒரு அடுக்கு நிரம்பிவிட்டால் அடுத்து வருவதற்கு இடமில்லை. பாடநூலில் பரப்புக் கவர்தல் என்று படிப்பது இதைத்தான்.

நான்கு சுழல் நாற்காலிகள் உள்ள ஒரு சலூனை நினைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. நான்கு நாற்காலியிலும் ஆள், வாசலில் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். அந்தப் பத்து இருபதானாலும் மணிக்கு இத்தனை தலை என்ற கணக்கு மாறப்போவதில்லை. முடிதிருத்துபவரின் கை வேகம்தான் கணக்கு. புதன்கிழமை மதியம் போய்ப் பாருங்கள். நாற்காலிகள் காலி, வந்தவுடன் உட்காரலாம். அப்போது தெருவில் ஆள் நடமாட்டம் இரட்டித்தால் வேலையும் இரட்டிக்கும். ஞாயிறு காலை பூஜ்ய வகை, புதன் மதியம் முதல் வகை. கடை ஒன்றுதான், கத்தரியும் ஒன்றுதான்.

இதை லாங்மியூரின் சூத்திரமாக எழுதினால் இப்படி வரும். வாயுவின் அழுத்தம் 'அ', அது அந்த உலோகத்தில் எவ்வளவு வலுவாக ஒட்டுகிறது என்பதைக் குறிக்கும் மாறிலி 'ஒ' என்று வைத்துக்கொள்வோம்.

நிரம்பிய பங்கு = (ஒ × அ) ÷ (1 + ஒ × அ)

ஒட்டிய மூலக்கூறு தனியாகவே சிதைவதாக இருந்தால் வேகம் இந்த நிரம்பிய பங்குக்கு நேர்விகிதம். எண் போட்டுப் பாருங்கள். 'ஒ × அ' 0.01 என்றால் நிரம்பிய பங்கு 0.0099. அழுத்தத்தை இரட்டித்தால் 0.0196, ஏறக்குறைய இரண்டு மடங்கு; ஆகவே முதல் வகை. 'ஒ × அ' 100 என்றால் பங்கு 0.990. இரட்டித்தால் 0.995, அரை சதவீதம்கூடச் சரியாக ஏறவில்லை என்றே சொல்லலாம். பூஜ்ய வகை. நடுவில், 'ஒ × அ' 1ஆக இருக்கும்போது, பங்கு 0.5இலிருந்து 0.667க்குப் போகிறது. வேகம் 1.33 மடங்கு. இங்கே வகை முழு எண்ணாகவே இருக்காது.

பாடநூல்கள் இந்த இரண்டு ஓரங்களையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அதுதான் எனக்குக் குறை. நடுவில்தான் அழகே இருக்கிறது. சூத்திரத்தின் மடக்கையை அழுத்தத்தின் மடக்கையைக் கொண்டு வகையிட்டுப் பார்த்தால் கிடைக்கும் விடை: வினைவகை = 1 − நிரம்பிய பங்கு. அதாவது, நீங்கள் அளந்த வகை 0.7 என்றால் பரப்பில் பத்தில் ஏழு இடம் காலி என்று பொருள். நுண்ணோக்கி இல்லாமல், வெறும் அழுத்தமானியையும் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு, உலோகத்தின் மேல் எவ்வளவு இடம் காலி என்று சொல்லிவிட முடிகிறது. (ஒட்டும் இடங்கள் எல்லாம் ஒரே மாதிரி, ஒட்டிய மூலக்கூறுகள் ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை என்ற லாங்மியூரின் அனுமானங்கள் பொருந்தும் அளவுக்கு மட்டும்.)

இப்போது அம்மோனியாவுக்கு வருவோம். டங்ஸ்டன் கம்பியின் மேல், 1100 டிகிரி செல்சியஸில் அளந்த அரை வாழ்காலங்கள் (பாதி சிதைய ஆகும் நேரம்) இவை: தொடக்க அழுத்தம் 265 மி.மீ. பாதரசம் என்றால் 7.6 நிமிடம், 130 என்றால் 3.7, 58 என்றால் 1.7. அழுத்தத்தை நேரத்தால் வகுத்துப் பாருங்கள். மூன்றிலும் 34க்கும் 35க்கும் பக்கத்தில் நிற்கும். முதல் வகையாக இருந்திருந்தால் அரை வாழ்காலம் தொடக்க அழுத்தத்தைப் பொருட்படுத்தாமல் மாறாது நின்றிருக்கும். இரண்டாம் வகையாக இருந்திருந்தால் அழுத்தம் குறையக் குறைய நேரம் நீண்டிருக்கும். இங்கோ அழுத்தத்தோடு நேரமும் சேர்ந்தே சுருங்குகிறது. கம்பி நிமிடத்துக்கு ஏறக்குறைய 17 மி.மீ. என்ற கணக்கில் அம்மோனியாவை உடைத்துக்கொண்டே போகிறது, வெளியே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அதற்குக் கவலை இல்லை. பூஜ்ய வகை என்பதன் முழுப் பொருளும் இதுதான். இரண்டு மூலக்கூறுகள் மோத வேண்டிய தேவையும் இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே உலோகத்தில் ஒட்டி உடைகிறது, நைட்ரஜன் அணுக்கள் பிறகு ஜோடி சேர்ந்து வெளியேறுகின்றன.

பல பாடநூல்களில் இந்த உதாரணத்தில் டங்ஸ்டனுக்குப் பதில் பிளாட்டினம் இருக்கும். தவறில்லை, ஆனால் கூடவே "உயர் அழுத்தத்தில்" என்று ஒரு சொல் இருக்கும். மாணவர்கள் விட்டுவிடுவது அந்தச் சொல்லைத்தான். பிளாட்டினத்திலும் அழுத்தத்தைப் போதுமான அளவு குறைத்தால் வகை 1ஐ நோக்கி நகரும். இன்னொரு சிக்கலும் உண்டு. பிளாட்டினத்தின் மேல் அம்மோனியாவைச் சிதைத்தபோது, விளைபொருளான ஹைட்ரஜன் சேரச் சேர வேகம் குறைவதை ஹின்ஷெல்வுட் குழு கண்டது. ஹைட்ரஜன் பரப்பை அடைத்த அந்த நிலையில் வேகம் அம்மோனியாவின் அழுத்தத்துக்கு நேர்விகிதம், ஹைட்ரஜனின் அழுத்தத்துக்கு எதிர்விகிதம். ஹைட்ரஜனைப் பொறுத்து வகை −1. பிறந்த பிள்ளையே வீட்டில் இடம்பிடித்துக்கொண்டு விருந்தாளியை உள்ளே விடாத கதை.

இங்கிருந்து எதிர்மறை வகைக்குத் தாண்டுவது எளிது. கார்பன் மோனாக்சைடும் ஆக்சிஜனும் பிளாட்டினத்தின் மேல் சேர்ந்து கார்பன் டைஆக்சைடு ஆகின்றன. இதற்கு இரண்டு பேரும் பரப்பில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆனால் இருவருக்கும் ஒட்டும் வலிமை ஒன்றல்ல. கார்பன் மோனாக்சைடு பிளாட்டினத்தை மோலுக்கு ஏறக்குறைய 130 கிலோஜூல் வலிமையோடு பற்றிக்கொள்கிறது, அதற்கு ஒரே இடம் போதும். ஆக்சிஜன் இரண்டு அணுக்களாகப் பிளந்துதான் அமர வேண்டும், ஆகவே அதற்கு அடுத்தடுத்த காலியிடங்கள் தேவை. குளிர்ந்த பரப்பில் கார்பன் மோனாக்சைடு முந்திக்கொண்டு நெருக்கமாக உட்கார்ந்துவிட்டால் ஆக்சிஜனுக்கு நுழைய வழியில்லை. இன்னும் கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு சேர்த்தால் எஞ்சியிருந்த சொற்பக் காலியிடமும் போய்விடுகிறது. வேகம் குறைகிறது. லாங்மியூர் 1922இல் வெளியிட்ட ஆய்விலேயே இது இருக்கிறது: வேகம் ஆக்சிஜனின் அழுத்தத்துக்கு நேர்விகிதம், கார்பன் மோனாக்சைடின் அழுத்தத்துக்கு எதிர்விகிதம்.

இரண்டு வாயுக்கள் ஒரே இடங்களுக்குப் போட்டியிட்டு, ஒட்டிய பிறகு தங்களுக்குள் வினைபுரிந்தால் முன்பு சொன்ன சூத்திரம் சற்று மாறும். ஒரு வாயுவைப் பொறுத்த வகை = 1 − (2 × அந்த வாயு நிரப்பிய பங்கு). அது பரப்பில் அரிதாக இருக்கும்போது வகை +1. பாதியை நிரப்பும்போது 0. வேகம் உச்சத்தில் இருப்பது அங்கேதான். அதையும் தாண்டி நிரப்பினால் வகை எதிர்மறைக்குப் போய், முழுவதும் நிரம்பும்போது −1ஐத் தொடுகிறது. ஆக, எதிர்மறை வகை ஏதோ தனி இனமல்ல. அதே மலையின் மறுபக்கச் சரிவு. ஒரு நுணுக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆக்சிஜன் உட்கார இரண்டு காலியிடம் ஒரே நேரத்தில் தேவை என்று கண்டிப்பாகக் கணக்கிட்டால் வகை −2 என்று வரும். சோதனையில் −1 பக்கம்தான் வருகிறது. ஆக்சிஜன் மூலக்கூறு முதலில் ஒரே ஓர் இடத்தில் கால் ஊன்றிக்கொண்டு, அதன்பின் பிளந்து பரவுகிறது என்று எடுத்துக்கொண்டால் இது பொருந்துகிறது.

உலோகத்தை மாற்றினால் மலையின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதும் மாறும். ருத்தீனியத்தில் ஆக்சிஜன் வலுவாக ஒட்டும். அங்கே ஆக்சிஜன் மிகுந்த நிலைமைகளில் பரப்பை ஆக்சிஜன் அணுக்களே மூடியிருக்கின்றன. வகை ஏறக்குறைய தலைகீழாகிவிடுகிறது. கார்பன் மோனாக்சைடைப் பொறுத்து 1 பக்கம், ஆக்சிஜனைப் பொறுத்து 0 பக்கம்.

இது காகிதக் கணக்கு மட்டுமன்று. பெட்ரோல் காரின் புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கி மாற்றியில் பிளாட்டினம், பல்லேடியம் போன்ற உலோகங்கள் இருக்கின்றன. காலையில் வண்டியைக் கிளப்பியவுடன் எஞ்சின் குளிர்ந்திருக்கிறது. புகையில் கார்பன் மோனாக்சைடு அதிகம். மாற்றியோ அப்போது வேலையே செய்வதில்லை. எங்கு மிகவும் தேவையோ அங்கு படுத்துவிடுகிறது. காரணம் மேலே சொன்ன அடைப்புதான். வெப்பநிலை 250 டிகிரி செல்சியஸை ஒட்டி ஏறும்போது ஒட்டியிருந்த கார்பன் மோனாக்சைடு கழன்றுபோகத் தொடங்கி, ஆக்சிஜனுக்கு இடம் கிடைக்கிறது. வினை நடக்க நடக்க கார்பன் மோனாக்சைடு குறைகிறது. வகை எதிர்மறை என்பதால் குறையக் குறைய வேகம் கூடுகிறது. வெளியாகும் வெப்பம் இன்னும் கழற்றுகிறது. ஆகவே மாற்றி மெதுவாக விழித்துக்கொள்வதில்லை, சட்டென்று பற்றிக்கொள்கிறது. இந்த நிலையில் அளக்கும் கிளர்வு ஆற்றல் கார்பன் மோனாக்சைடு பரப்பைவிட்டு நீங்கத் தேவையான ஆற்றலை ஒட்டி வருவதும் அதனால்தான்.

(எதிர்மறை வகையின் இந்தப் பிடிவாதம் இன்னும் விசித்திரமான இடத்துக்கும் கொண்டுபோகும். பிளாட்டினத்தின் சில படிகப் பரப்புகளில் இதே வினையின் வேகம் தானாகவே ஏறி இறங்கி ஊசலாடுவதை கெர்ஹார்ட் எர்ட்லின் குழு விரிவாக ஆராய்ந்தது. பரப்பு வேதியியலுக்காக அவர் 2007இல் நோபல் பரிசு பெற்றார். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

இங்கே வினையூக்கி நச்சையும் (பரப்பில் ஒட்டிக்கொண்டு வினையூக்கியை முடக்கும் பொருள்) எதிர்மறை வகையையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கார்பன் மோனாக்சைடு இடத்தைப் பிடித்தாலும் கடைசியில் தானும் வினைபுரிந்து போய்விடுகிறது. கந்தகமோ ஈயமோ அப்படியல்ல. வைக்கோற்போர் நாய் மாதிரி, தானும் தின்னாது, மாட்டையும் தின்னவிடாது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் 1995இல் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமானபோது கூடவே ஈயமில்லாப் பெட்ரோலும் வந்தாக வேண்டியிருந்ததற்குக் காரணம் இதுவே.

அம்மோனியாவைச் சிதைப்பதைப் பார்த்தோம். தொகுப்பதில் வகைகள் இன்னும் சுவையானவை. இரும்பு வினையூக்கியின் மேல் நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேரும் ஹேபர்-பாஷ் முறைக்கு, சோவியத் ஆய்வாளர்கள் டெம்கினும் பிசேவும் 1940ஐ ஒட்டி ஒரு வேகச் சமன்பாட்டைத் தந்தார்கள். அதன் வழக்கமான வடிவில் வகைகள் இவை: நைட்ரஜனுக்கு 1, ஹைட்ரஜனுக்கு 1.5, அம்மோனியாவுக்கு −1. பார்த்தவுடன் ஒன்றும் புரியாது. மெதுவான படி எது என்று தெரிந்தால் எல்லாம் புரியும். நைட்ரஜன் மூலக்கூறின் முப்பிணைப்பு இரும்பின் மேல் பிளப்பதுதான் அந்தப் படி. ஆகவே நைட்ரஜனுக்கு வகை 1. ஹைட்ரஜன் அந்தப் படியில் கலந்துகொள்வதே இல்லை. பிறகு அதற்கு எப்படி 1.5? பரப்பை அடைத்துக்கொண்டிருப்பவை நைட்ரஜன் அணுக்கள். ஹைட்ரஜன் அவற்றை அம்மோனியாவாக்கி அப்புறப்படுத்தி இடத்தைக் காலிசெய்கிறது. அம்மோனியா மிகுந்தால் அந்த அப்புறப்படுத்தல் திரும்பி நடந்து, நைட்ரஜன் அணுக்கள் மீண்டும் பரப்பில் குவிகின்றன. ஆகவே அதற்கு −1. ஹைட்ரஜன் இங்கே வினைபடுபொருள் மட்டுமல்ல, துப்புரவுப் பணியாளரும்கூட. ஆலைகளில் வாயுவைக் குளிர்வித்து அம்மோனியாவைப் பிரித்தெடுத்துவிட்டு மிச்சத்தைத் திரும்பச் சுற்றவிடுகிறார்கள். சமநிலையை முன்னோக்கித் தள்ள அது உதவுகிறது என்று படித்திருப்பீர்கள். வேகத்துக்கும் அது நல்லது.

அரை எண் வகைகள் வேறு வழியிலும் வரும். ஹைட்ரஜன் போன்ற மூலக்கூறு இரண்டு அணுக்களாகப் பிரிந்து ஒட்டினால், குறைந்த அழுத்தத்தில் ஒட்டிய அணுக்களின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதமாக இருக்கும். அந்த அணுக்களில் ஒன்று மட்டும் மெதுவான படியில் பங்குகொண்டால் வகை ½.

கிளர்வு ஆற்றலைப் பற்றியும் ஒரு சொல், ஏனென்றால் ஹைட்ரஜன் அயோடைடு எண்களை வைத்து "பிளாட்டினம் தங்கத்தைவிட இரண்டு மடங்கு திறமையானது" என்று எழுதிய விடைத்தாள்களைப் பார்த்திருக்கிறேன். வகை 0ஆக இருக்கும்போது அளப்பது ஒட்டிய மூலக்கூறு உடைவதற்கான உண்மையான ஆற்றல். வகை 1ஆக இருக்கும்போது நீங்கள் அளப்பதில் ஒட்டும்போது வெளியான வெப்பம் கழிக்கப்பட்டிருக்கும். வெப்பநிலையைக் கூட்டினால் உடையும் வேகம் ஏறுகிறது, ஆனால் ஒட்டியிருக்கும் எண்ணிக்கை குறைகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்வதால் எண் சிறிதாகத் தெரிகிறது. வகை வேறான இரண்டு உலோகங்களின் கிளர்வு ஆற்றலை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

கடைசியாக, யாராவது உண்மையில் அளக்கப் போகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. ஆய்வு மாணவனாக இருந்தபோது, நீர்மத்தில் மிதக்கவிட்ட உலோகத் தூளின் மேல் ஒரு ஹைட்ரஜனேற்ற வினையை அளந்தேன். ஹைட்ரஜனைப் பொறுத்து வகை 1. வரைபடத்தில் ரூலர் வைத்துக் கோடு போட்டது போல நேராக இருந்தது. வழிகாட்டியிடம் பெருமையோடு காட்டினேன். அவர் வரைபடத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை. "கலக்கியைக் கொஞ்சம் வேகமாகச் சுற்றவிட்டுப் பாருங்கள் தம்பி" என்றார். சுற்றவிட்டேன். வேகம் ஏறியது. அதாவது, நான் மூன்று வாரமாக அளந்துகொண்டிருந்தது வினையின் வேகமே அல்ல; ஹைட்ரஜன் நீர்மத்தில் கரைந்து தூளை வந்தடையும் வேகம். போக்குவரத்து தடையாக இருக்கும்போது வகை எப்போதும் 1 என்றே காட்டும், பரப்பில் என்ன நடந்தாலும் சரி. நுண்துளைகள் உள்ள வினையூக்கி மணிகளில் வேறு விதமான ஏமாற்று: துளைக்குள் ஊடுருவுவது மெதுவாக இருந்தால் உண்மையான வகையோடு ஒன்றைக் கூட்டிப் பாதியாக்கிய எண் வகையாகத் தெரியும். பூஜ்ய வகை ½ ஆகிவிடும், இரண்டாம் வகை 1.5 ஆகிவிடும், கிளர்வு ஆற்றல் ஏறக்குறைய பாதியாகத் தெரியும். ஆகவே கலக்கும் வேகத்தை மாற்றிப் பாருங்கள், மணிகளை நொறுக்கிச் சிறிதாக்கியும் பாருங்கள். இரண்டிலும் வேகம் அசையவில்லை என்றால், அதன்பின் அழுத்தத்தை மாற்றி வகையை அளக்கத் தொடங்கலாம்.